போன மாதம் கொடுத்த ரத்தம்

மார்ச் 11, செவ்வாய்

ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். பள்ளியில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் காப்பாரிலிருந்து கிள்ளானுக்குப் போனேன். பல வருடமாகக் கொடுக்கிறேனே, பாராட்டுச் சான்றிதழ் தருவார்கள் என்று நினைத்தேன்.

டாக்டர் என்னைவிடச் சின்னவர், தமிழ்ப்பெண். “டீச்சர், உங்களுக்கு எப்பவோ ஹெபடைட்டிஸ் பி வந்து போயிருக்கு. இப்ப கிருமி இல்ல. ஆனா வந்த அடையாளம் ரத்தத்துல இருக்கு. இனிமே டொனேட் பண்ண வேணாம்,” என்றார். போன மாதம் எடுத்து வைத்த மாதிரியை, இப்போது புதிதாகச் சேர்த்த பரிசோதனையில் பார்த்தபோதுதான் தெரிந்ததாம்.

“அப்ப இவ்வளவு நாளா கொடுத்தது?”

“பழைய டெஸ்ட்ல கிளியரா இருந்துச்சு. இருந்தாலும் உங்க ரத்தத்த ஏத்திக்கிட்டவங்கள கூப்பிட்டு டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்.”

சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். “எங்கேருந்து வந்துச்சு?” என்றார். சின்ன வயதிலேயே வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். என்னைச் சந்தேகப்படுகிறாரோ என்று தோன்றியது; கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் தட்டைக் கழுவிவிட்டு வந்து, “நாளைக்கு நானும் டெஸ்ட் எடுக்குறேன் லா. அழாத,” என்றார். அவரைத் தப்பாக நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது.

ஆனால் நான் அழுதது அதற்காக இல்லை. போன மாதம் ஒரு பெண்ணுக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு, உடனே வாருங்கள் என்று ரத்த வங்கியில் கூப்பிட்டார்கள். ஓடிப்போய்க் கொடுத்தேன். பிழைத்துவிட்டாள் என்று கேட்டு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டேன். இப்போது அவளையும் போனில் கூப்பிடுவார்கள். கையில் குழந்தையோடு அவள் அதை எடுப்பாள்.