பாம்புக்கு வார்த்த அம்மை

இன்று காலை செல்லத்தாயி சட்டை உரித்திருந்தாள். மூக்கு நுனியிலிருந்து வால் முனை வரை ஒரே உருப்படி, ஓரிடத்திலும் கிழிசல் இல்லை. இரண்டு கண்ணின் மேல்தோலும் அதோடு சேர்ந்தே வந்திருந்தன. கையில் எடுத்தபோது ஈரம் காயவில்லை. நனைந்த சாக்கும் வெள்ளரிப் பிஞ்சும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும், என் முதுகுக்குப் பின்னால் நீர் செருமுவது கேட்டது. திரும்பிப் பார்த்தேன் ஓய். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நீர் போய் மூன்று வருஷமாகியும் ஒவ்வொரு தடவையும் திரும்பித்தான் பார்க்கிறேன்.

உம்மிடம் ஒரு பொய் சொன்னேன். அதை உம் தம்பியிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் முகத்தைப் பார்த்தால் வாய் கட்டிக்கொள்கிறது. முதலில் உமக்கு எழுதிப் பார்ப்போம், பிறகு இந்தக் காகிதத்தையே அவன் கையில் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நெல் கிடங்கில் மூட்டை நிறுக்கிற நானும், மாட்டுத் தோலும் பாம்புத் தோலும் வாங்கி விற்கிற நீரும் எப்படி ஒட்டிக்கொண்டோம் என்று ரங்கூனில் பலர் கேட்டிருக்கிறார்கள். "ஒரே கப்பல்ல பக்கத்துப் பக்கத்துல வாந்தி எடுத்தோம்லா, அதவிடப் பெரிய சொந்தம் என்ன இருக்கு?" என்பீர். கியாக்தான் ஊர்ப் படகுக்காரர் ஒருவர், எலிக்கு ஆகும் என்று ஒரு மலைப்பாம்புக் குட்டியைக் கூடையில் கொண்டுவந்து கிடங்கில் விட்டுப் போனார். அதற்குச் செல்லத்தாயி என்று பேர் வைத்தது நான். அதை வளர்க்கத் தெரிந்தவர் நீர்.

முதல் தடவை அவள் கண் வெளுத்தபோது, குருடாகிவிட்டாள் என்று உம் தோல் மண்டிக்கு ஓடி வந்தேன். தொப்பி கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தீர். "கண்ணுல பால் பூத்தா சட்டை மாத்தப் போறான்னு அர்த்தம் வே. ஒரு வாரம் சும்மா விடும். வயிறு செவந்தா மட்டும் என்கிட்ட வாரும், அதுதான் நோவு." இன்னொரு சமயம் வால் பக்கம் பழைய தோல் வளையம் வளையமாகக் காய்ந்து ஒட்டிக்கொண்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துச் சுற்றச் சொன்னீர். பிறகு பெருவிரலால் மெல்ல மெல்லத் தள்ளி நீரே எடுத்தீர். செத்த தோலோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிற கை, உயிருள்ள தோலில் அவ்வளவு பதமாகப் போகுமென்று நான் நினைத்ததில்லை.

அந்த மாசி மாதம் வயிறு சிவந்தது. அடிவயிற்றுச் செதில்களில் நீர் கோத்த கொப்புளங்கள் வரிசையாக இருந்தன. நான் உம்மிடம் வந்திருக்க வேண்டும். அதற்குள் மூட்டை தூக்குகிறவர்களின் மேஸ்திரி பார்த்துவிட்டார். பார்த்ததும் தலைத்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தரையில் விழுந்தார். "முத்து போட்டிருக்கு அண்ணாச்சி! அம்மா வந்து எறங்கியிருக்கா!"

உடனே கிடங்கு வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று. மூன்று வேளையும் மஞ்சளும் வேப்பிலையும் கரைத்த தண்ணீரை அவள் மேல் வார்த்தார்கள். மருந்து கூடாது, வெளியாள் நுழையக் கூடாது. நானும் நம்பினேன். அதற்கு முந்தைய வருஷந்தான் என் மகளுக்கு அம்மை கண்டு, இப்படியே வேப்பிலையில் கிடத்தி, தலைக்குத் தண்ணீர் ஊற்றியதில் பிழைத்து எழுந்தாள். பெற்ற பிள்ளைக்குப் பலித்தது பாம்புக்குப் பலிக்காதா என்று நினைத்தேன்.

நீர் வந்து வாசலில் குந்தி எட்டிப் பார்த்தீர். "அம்மையும் இல்ல, கிம்மையும் இல்ல. ஈரம் வே! ஈரச் சாக்குல கெடந்து வயிறு அவிஞ்சு போச்சு. தண்ணி ஊத்துறத மொதல்ல நிறுத்தும்."

"செத்த தோலத் தொடுத ஆளு, அம்மா இருக்கிற எடத்துல வந்து பேசுதாரே," என்றார் மேஸ்திரி. அவர் சொன்னதை விடும். நான் சொன்னதுதான் என்னை அரிக்கிறது. "தோல்தான் வேணும்னா, அவ செத்த பெறகு வாரும்" என்றேன். நீர் தொப்பியைச் சரி செய்துகொண்டு எழுந்து போனீர்.

எட்டே நாளில் கொப்புளங்கள் உடைந்து நாற்றம் எடுத்தது. எலியை மூக்கருகே காட்டினாலும் அவள் தலை தூக்கவில்லை. மண்டி வாசலில் வந்து நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன், வாயைத் திறக்க நீர் விடவில்லை. பஞ்சும், கிணற்றில் போடுகிற சிவப்பு மருந்துத் தூளும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "போவோம் வாரும், பேச்சு பொறவு" என்றீர்.

இனி அந்தப் பொய். உம்மைக் கூப்பிட வந்த அன்று காலை, செல்லத்தாயியின் பெட்டிக்குப் பின்னால் ஓர் எலி செத்துக் கிடந்தது. வாலைப் பிடித்து ஓடையில் எறிந்துவிட்டுத்தான் உம்மிடம் வந்தேன். ஊரெல்லாம் பிளேக் பயம். எலி விழுந்தது தெரிந்தால் சுகாதாரக்காரர்கள் கிடங்கைப் பூட்டிக் கந்தகப் புகை போடுவார்கள். செல்லத்தாயி அதிலேயே முடிந்துபோவாள். மூட்டை தூக்குகிறவர்களுக்கும் அடுப்பு எரியாது. கிடங்குக்குள் கால் வைக்குமுன் நின்று கேட்டீர்.

"எலி எதுவும் விழுந்துச்சா வே?"

"சேச்சே, இல்ல" என்றேன். கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன்.

ஆறு நாள் அந்தத் தரையில் உட்கார்ந்திருந்தீர். நனைந்ததையெல்லாம் வெளியே எறியச் சொன்னீர். வெயிலில் காய்ந்த சாக்கைத் தினம் மாற்றினீர். சிவப்பு மருந்தை ரோஜா நிறத்துக்குக் கரைத்து, புண்ணைக் கழுவி, உடனே பஞ்சால் ஒற்றி எடுத்தீர். உடையாத கொப்புளத்தை என்னைத் தொட விடவில்லை. மேஸ்திரி தள்ளி நின்று முணுமுணுத்தார், மூன்றாம் நாள் அவரே சாக்கு உதறிக் கொடுத்தார். ஆறாம் நாள் காலை புண் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. "பொழச்சுக்கிட்டா வே" என்று சிரித்தீர். சிரித்துக்கொண்டே அக்குளைத் தடவினீர். "இங்கன என்னமோ நெறி கட்டுன மாதிரி இருக்கு."

பிளேக் நெறியும் அக்குளில்தான் கட்டும். அப்போதாவது சொன்னேனா? வீட்டுக்குப் போய்ப் படும் என்று அனுப்பினேன்.

மூன்று நாளில் முடிந்துவிட்டது. பிளேக் கொட்டகைக்குள் என்னை விடவில்லை. அங்கே உம்மிடம், எங்கெங்கே போனாய் என்று கேட்டார்களாம். "எங்கயும் போகல, மண்டியிலயேதான் இருந்தேன்" என்றீராம். மண்டியைப் பூட்டி, அத்தனை தோலையும் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். கிடங்குப் பக்கம் யாரும் வரவில்லை. அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. கிடங்கில் எலி விழுந்தது தெரியாமலா அதன் பேரை மறைத்தீர்? நீர் அந்தப் பெட்டிக்குப் பின்னால் இன்னோர் எலியைப் பார்த்திருக்கிறீர். எப்போது பார்த்தீர்? இரண்டாம் நாளா, நான்காம் நாளா? பார்த்த பிறகுமா மறுநாள் வந்து உட்கார்ந்தீர்? இதைத்தான் தினமும் உம்மிடம் கேட்கிறேன். செருமுகிறீரே தவிர, பதில் சொல்ல மாட்டேன் என்கிறீர்.

செல்லத்தாயியை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். உம் தம்பி பபேடான் பேட்டையில் யாரோ ஒருவர் கடையில் துணி கிழித்துக்கொண்டிருக்கிறான். சொந்த மண்டியில் உட்கார வேண்டிய பிள்ளை. ஞாயிறுதோறும் அவளைப் பார்க்க வருகிறான். அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுவானே, அப்படிச் சொல்லியே ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வியைக் கேட்பான்.

"பாசாணம் தடவுன தோல் இருக்கிற எடத்துல எலி ஏது அண்ணாச்சி? மண்டியிலதான் இருந்தேன்னு காக்கா ஏன் சொன்னாக? ஒங்களுக்காவது தெரியுமா?"

இவ்வளவும் எழுதி முடிக்கிறேன், வாசலில் அவன் செருப்புச் சத்தம். வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறான். காகிதத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்கு அண்ணாச்சி இம்புட்டுப் பெரிய கடுதாசி?" என்று கேட்கிறான்.

ஊருக்கு என்று சொல்லிவிட்டேன் ஓய்.