அம்மாவின் கடிகாரத்துக்கு வந்த அவசரம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் சுகம், படி ஏறும்போது முழங்கால் மட்டும் முணுமுணுக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது, இனி நானே படித்துக்கொள்வேன். இதுவும் யாரும் எழுதிக் கொடுத்தது இல்லை. கீழ்வீட்டுத் தையல்காரம்மா சொல்லிக் கொடுத்த எழுத்து, என் கை. எழுதுவதற்குள் தேநீர் ஆறிவிட்டது, அதனால் நீயும் மெதுவாகவே படி.

போன வாரம் போனில் அழுதாய். கண் டாக்டர் கதவு திறக்கும் முன்பே போய் நின்று, ஏன் திறக்கவில்லை என்று காவலாளியோடு நான் சண்டை போட்டதைத் தையல்காரம்மா உன்னிடம் சொல்லிவிட்டாள். "அப்பாவுக்கு நேரமே புரியல, இனிமே தனியா விடக்கூடாது" என்று நீ மாப்பிள்ளையிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் முந்தி ஓடியது நான் இல்லை மகளே, உன் அம்மாவின் கைக்கடிகாரம். அவள் அப்பா கட்டி, பிறகு அவள் ரொட்டிக்கடை வேலைக்குக் கட்டிப்போய், உனக்கென்று என்னிடம் விட்டுப்போனதே, அதுதான். காலையில் ரேடியோ செய்திக்குச் சரியாக வைத்தாலும் சாயங்காலத்துக்குள் ஒரு மணி நேரம் முந்திவிடும். போனில் வேறு நேரம் காட்டும், நான் நம்பவில்லை. அம்மாவின் கடிகாரம் பொய் சொல்லி நான் பார்த்ததே கிடையாது.

உன் பொருளைக் கெடுத்துவிட்டேனே என்று கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் கொண்டு போனேன். அவர் அதைத் திறக்காமல் பக்கத்தில் ஒரு சின்னத் திசைகாட்டியை வைத்தார். உடனே அதன் முள் கழுத்தைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தது. "பெரியவரே, தூங்கும்போது இத எங்க வைப்பீங்க?" என்றார். நீ அனுப்பினாயே, தானாக டப்பென்று மூடிக்கொள்ளும் போன் உறை, அதற்குள் போனோடு சேர்த்து வைப்பேன் என்றேன். அம்மாவும் மகளும் ஒன்றாக இருக்கட்டும் என்றுதான். "அந்த மூடியில காந்தம் இருக்கு. கடிகாரத்துக்குள்ள தலைமுடி மாதிரி ஒரு சுருள், காந்தம் பட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அப்புறம் ஓட்டமா ஓடும். கெடல, காந்தத்த எடுத்துடலாம்" என்றார். காந்தம் நீக்கும் ஒரு சின்னப் பெட்டி மேல் கடிகாரத்தைக் காட்டி எடுத்தார். அதன்பின் திசைகாட்டி முள் கடிகாரத்தைச் சட்டையே செய்யவில்லை. பிறகு பின்மூடியைக் கழற்றினால் விளிம்பெல்லாம் வெள்ளையாக மாவு! வேலையை வீட்டுக்குக் கொண்டு வரமாட்டேன் என்று பெருமை பேசுவாளே உன் அம்மா. மாவு இருந்தால் எண்ணெய் பசையாகிவிடுமாம், துடைத்துவிட்டார். மேலே உள்ள கீறல்களைத் தேய்த்துப் புதுசு பண்ணட்டுமா என்றார், அது மட்டும் வேண்டாம் என்றேன். தண்ணீர் படக்கூடாதாம், தினமும் ஒரே நேரத்துக்குச் சாவி கொடுக்க வேண்டுமாம், சாவி முட்டினால் நிறுத்திவிட வேண்டுமாம். உனக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

திசைகாட்டியை இரவல் வாங்கி வந்து வீடு முழுக்க வைத்துப் பார்த்தேன். ரேடியோவுக்கும் குளிர்பெட்டிக் கதவுக்கும்கூட முள் திரும்புகிறது, தெரியுமா? புதையல் கிடைத்தால் எனக்கும் பங்கு என்கிறாள் தையல்காரம்மா.

நேற்று கண் டாக்டரிடம் சரியான நேரத்துக்குப் போய்விட்டேன். அவர்தான் தாமதம். இனிப் போன் சமையலறையில், கடிகாரம் என் தலைமாட்டில். நான் நடந்து வந்து எடுக்க வேண்டும், அதுவரை மணி அடிக்கட்டும், பயந்துவிடாதே. என்னைக் கூட்டிப்போக டிக்கெட் போட்டிருப்பதாகச் சொன்னாய். கூட்டிப்போக வேண்டாம், என் புத்தி சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் டிக்கெட்டை ரத்து செய்துவிடாதே, கடிகாரத்தைப் பார்க்கவாவது வா. உன் போனுக்கும் அதே உறைதான் என்றாய், கழற்றி வைத்துவிட்டு வா. மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள்.

தன் கையாலேயே பெயர் போடத் தெரிந்த
உன் அப்பா