சிவப்புக் காரை நான்தான் எடுத்தேன்

சோமனூர்
ஞாயித்துக்கெழமை, பூசை முடிஞ்சு வந்து

அன்பு மகன் மனோஜுக்கு அம்மா எழுதறது. மாதா புண்ணியத்துல நானும் அப்பாவும் நல்லா இருக்கறோம். அங்க நீயும் அக்ஷயாவும் மேலுக்கு ஒண்ணும் இல்லாம, நேரத்துக்குத் தின்னு நேரத்துக்குத் தூங்கி நல்லா இருக்கோணும்னு காலைலயும் பொழுதோடயும் வேண்டிக்கறேன். வாரத்துக்கு ரெண்டு வாட்டி மொகத்தைப் பாத்துப் பேசற காலத்துல அம்மா எதுக்குக் காயிதம் எழுதறான்னு நெனப்பே. போன்ல நான் ஒரு வார்த்தை ஆரம்பிச்சா நீ பத்து வார்த்தை சொல்லிப்போடறே, அப்பறம் மீட்டிங்குன்னு வெச்சுப்போடறே. காயிதத்துல குறுக்க பேச முடியாது பாரு. துடியலூர் சம்பந்தியம்மா அடுத்த வாரம் உங்ககிட்ட வாராங்கல்ல, அவங்க கையில குடுத்து உடறேன். முழுசும் படிச்சுட்டு அப்பறம் கோவிச்சுக்கோ.

இங்க ஒரு வாரமா மழை, துணி காயமாட்டேங்குது. அப்பாவுக்கு முட்டி வலி தேவலை, எண்ணெய் போட்டுத் தேச்சுட்டு நடக்கறாரு, ஆனா நடந்துட்டு வந்து டீக்கு ரெண்டு கரண்டி சக்கரை போட்டுக் குடிக்கறதை மட்டும் உடமாட்டேங்கறாரு, நீ கேட்டாத்தான் அடங்குவாரு, ஒரு வார்த்தை கேளு. மதுக்கரை சித்தி பேத்திக்குப் புதுநன்மை குடுத்தாங்க, புள்ளை சர்ச்சுல மொத வாட்டி நன்மை வாங்கறதைப் போயிப் பாத்துட்டு வந்தோம், புள்ளை வெள்ளை கவுன்ல அத்தனை அழகு. சித்தி உன்னைத்தான் நெம்ப விசாரிச்சா. சரி, இதெல்லாம் போன்லயே சொல்லிக்கலாம், காயிதம் எழுத உக்காந்தது காரைப் பத்தி.

அன்னிக்கு நடந்ததை நீ போட்டோவுல பாத்ததோட சரி. நம்ம தெரு ஆளு எவனோ பஸ்ஸுல போறப்ப படம் புடிச்சு குரூப்புல போட்டு, அது கனடா வரைக்கும் வந்து, நீ அங்க பதறி எந்திரிச்சு உக்காந்துட்டே. நடந்தது இதுதான். வெள்ளிக்கெழமை வழக்கம்போல எதுத்த ஊட்டு வெங்கடம்மாளை டயாலிசிஸ் முடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டு இருந்தேன். நீலாம்பூர் தாண்டினதும் எஞ்சின்ல ஒரு மாதிரி சத்தம், அப்பறம் பானட்டுல இருந்து வெள்ளையா ஆவி. நான் சிக்னல் போட்டு, கியரை எடுத்து, ஓரத்துக்கு உருட்டிக் கொண்டாந்து நிறுத்திட்டேன். யாரு மேலயும் முட்டலை, யாருக்கும் கீறல் கூட இல்லை. வெங்கடம்மாளை வேப்ப மரத்து நிழல்ல உக்கார வெச்சேன். அந்த ஊசி குத்தின கையோட அவ துவண்டு கெடக்கறா, நான் மெக்கானிக் மெஹராஜுக்குப் போன் பண்ணிட்டு நிக்கறேன், அப்பத்தான் ஒரு தம்பி வண்டியை நிறுத்தி, ஆம்பளைங்க யாரும் கூட வரலீங்களான்னு கேட்டுச்சு. கெட்ட எண்ணமில்லை, உதவிக்குத்தான் எறங்குச்சு. ஆனா வெங்கடம்மாள் உக்காந்த எடத்துல இருந்து, ஆம்பளைங்க இருந்தா மட்டும் எஞ்சின் எந்திரிச்சுக்குமா கண்ணுன்னு கேட்டா பாரு, அந்தத் தம்பியே சிரிச்சுப்போட்டுச்சு. அந்த போட்டோவுல நான் வாயைத் தொறந்துட்டு நிக்கறேன்ல, அழுகலை கண்ணு, சிரிச்சுட்டு இருந்தேன்.

மெஹராஜ் வந்து கட்டி இழுத்துட்டுப் போயி ரெண்டு நாள் வெச்சுப் பாத்தாரு. எஞ்சின் போயிருச்சு, வேற எஞ்சின் பழசா ஒண்ணு தேடிப் போடலாம், ஆனா கீழ தகடு பூராவும் துருப்புடிச்சிருக்குது, நீங்க சொன்னா செய்யறனுங்க நர்சம்மா, செய்ய வேண்டாங்கறதுதான் என்ர எண்ணம்னு சொன்னாரு. அப்பா கேட்டுட்டு, காரைச் சுத்தி ஒரு நடை நடந்துட்டு வெளிய போயி நின்னுக்கிட்டாரு. நானும் முந்தானையில கண்ணைத் தொடைச்சுக்கிட்டேன். பழைய எடைக்கு எடுத்துட்டுப் போற அன்னிக்குத் தெருவுல பாதிப் பேரு வந்துட்டாங்க. தெருக்கோடி ஊட்டு யுவஸ்ரீ காலேஜுக்குக் கூட லீவு போட்டுட்டு வந்து பின்னாடி சீட்டுல உக்காந்து செல்பி எடுத்தா, அவ பொறந்ததே அந்தச் சீட்டுலதான்னு உனக்குத் தெரியுமில்ல, ஆஸ்பத்திரி போயி சேர்றதுக்குள்ள அவசரப்பட்டுட்டா. பிறந்த எடம்னு கீழ எழுதிப் போட்டாளாம், அவ அம்மா பல்லைக் கடிச்சா.

நீ அது ஒரு பழைய தகர டப்பா, அதுக்காக எதுக்கும்மா அழுகறேன்னு கேட்டே. உனக்கு ஒண்ணு சொல்றேன், இதை முழுசா நான் உங்கிட்ட சொன்னதில்லை. நீ அப்ப ஆஸ்டல்ல இருந்தே. அந்தக் காரை வாங்கின புதுசுல ஒரு பெரிய தோட்டத்து ஊட்டுல பச்சைக் கொழந்தைக்கு ஜன்னின்னு ஆளு அனுப்பினாங்க. நான் போனா, அந்த ஊட்டுப் பெரியவர் கேட் பக்கத்துல நின்னுக்கிட்டு, நர்சம்மா, உங்க வண்டியை ரோட்டுலயே நிறுத்திட்டு நடந்து வாங்க, வாசலுக்கு வேண்டாம்னு சொன்னாரு. ஏன்னு நான் கேக்கலை, அவரும் சொல்லலை, ரெண்டு பேருக்கும் தெரியும். உள்ள கொழந்தை வெட்டிவெட்டி இழுக்குது. நான் காரை எடுத்து நேரா வாசப்படி வரைக்கும் உட்டு, தாயையும் கொழந்தையையும் ஏத்திக்கிட்டுக் கெளம்பிட்டேன். கொழந்தை பொழைச்சுக்கிச்சு. அதுக்கப்பறமும் அந்த ஊட்டுக்கு எத்தனையோ தடவை போனேன். அவரு மொகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் நிப்பாரு, என்ர காரும் வாசல்லதான் நிக்கும். அந்தக் காரு போறப்ப நான் அழுதா என்ன தப்பு.

இனி நீ செஞ்சதுக்கு வாரேன். காரு போனதும் நீ சொன்னே, அறுவத்தி மூணு வயசாச்சு, இனி ஓட்ட வேண்டாம், டாக்சி சொல்லிக்கோ, இல்லாட்டித் துடியலூர்ல சம்பந்தி ஊட்டுப் பக்கத்துல பிளாட் பாக்கறேன், ரெண்டு பேரும் அங்க வந்துருங்கன்னு. நான் யோசிச்சுச் சொல்றேன்னுதான் சொன்னேன். யோசிச்சேன், யோசிச்சுத்தான் புதுக் காரு புக் பண்ணினேன். டாக்சின்னு சொல்றியே, சோமனூருன்னு கேட்டதும் வரலீங்கன்னு போனை வெச்சுப்போடறாங்க. நான் காய்ச்சல்ல படுத்திருந்த வாரம் வெங்கடம்மாள் டாக்சியை நம்பிப் போயி, திரும்பி வர வண்டி கெடைக்காம ஆஸ்பத்திரிப் படியில சுருண்டு உக்காந்திருந்தா. அவ மகன் வேலைக்குப் போனாத்தான் அடுப்பு எரியும், அவனைக் குத்தம் சொல்ல முடியாது. பிளாட்டுக்கு நான் வந்துட்டா அவளைக் கூட்டிட்டுப் போறது யாரு?

ஆனா நீ என்ன செஞ்சே, எங்கிட்ட பேசாம உன்ர சேக்காளி சுரேந்தர்கிட்ட சொல்லி, அவன் அந்த ஷோரூம்ல இன்சூரன்ஸ் பாக்கறான்கறதை வெச்சு, என்ர புக்கிங்கை நிறுத்தி வெக்கச் சொல்லிட்டே. எனக்கு அது தெரியாது. வண்டி வந்துருச்சான்னு கேக்க நானும் அப்பாவும் பஸ்ஸேறி கோயமுத்தூர் போனா, அந்த மேனேஜர் தம்பி நாற்காலி போட்டு, காப்பி குடுத்து, அப்பறம் மென்னு முழுங்கி, மகன் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லியிருக்காருங்கன்னுச்சு. நான் காப்பி டம்ளரை மேசை மேல வெச்சுட்டேன். சோமனூருக்குப் பக்கத்துல இத்தனை ஊருக்கும் தடுப்பூசி போட்டு, பிரசவம் பாத்து, யாரு ஊட்டு வாசல்லயும் தலை குனியாம வந்தவ நானு. நான் பெத்த புள்ளை, எங்கயோ எட்டாத தேசத்துல உக்காந்துக்கிட்டு, ஒரு போன்ல என்னைச் சின்னப் புள்ளையாட்டம் ஆக்கிப்போட்டானேன்னு இருந்துச்சு.

அந்தத் தம்பி அப்பவும் என்னைப் பாத்துப் பேசலை, அப்பாவைப் பாத்து, சார் நீங்க என்ன சொல்றீங்க, சார் முடிவு பண்ணுங்கன்னே பேசுது. உங்கப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, கூட்டத்துல வாயே தொறக்க மாட்டாரு. அன்னிக்கு மெதுவாக் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கிட்டு, "ஏனுங்க தம்பி, எங்க ஊட்டுல வண்டி ஓட்டறது அவங்கதானுங்க. எனக்கு ஓட்டத் தெரியாதுங்க. பேசறதை அவங்ககிட்டப் பேசுங்க"ன்னாரு.

அப்பறம் நான் சொன்னேன். "புக்கிங்ல இருக்கற பேரு செவ்வந்தி. கையெழுத்து போட்டது செவ்வந்தி. நான் நிறுத்தச் சொல்லலை. எம்மகன் கார் வாங்க வந்தா அப்ப அவன் பேச்சைக் கேளுங்க." சத்தம் போடலை கண்ணு, டெலிவரி வார்டுல பயந்த பொண்ணுககிட்டப் பேசற மாதிரி நிதானமாத்தான் சொன்னேன். அந்தத் தம்பிக்கு மொகம் செவந்துருச்சு, தப்புத்தானுங்கம்மான்னு எந்திரிச்சு நின்னுச்சு. எப்ப வேணும்னு கேட்டுச்சு, இந்த வாரத்துலயேன்னேன். வெள்ளைதானுங்களேன்னு கேட்டுச்சு. அதுவரைக்கும் வெள்ளைதான் சொல்லியிருந்தேன், நீதான் வெள்ளைன்னா தூரத்துல இருந்து தெரியும்னு எப்பவோ சொன்னே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒண்ணு செக்கச்செவேல்னு நின்னுட்டு இருந்துச்சு. அது யாருக்குன்னு கேட்டேன், யாருக்கும் இல்லீங்கன்னாங்க. அப்ப அதையே குடுங்கன்னு சொல்லிப்போட்டேன். வெளிய வந்ததும் அப்பா, ஏம்புள்ளை, சிவப்பான்னு மட்டும் கேட்டாரு. ஆமாங்கன்னேன். நல்லாத்தான் இருக்குதுன்னாரு. சுரேந்தர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான், பாவம், அவனைத் திட்டாதே, நீ சொன்னதைச் செஞ்சான்.

வண்டி எடுத்த அன்னிக்கு டிரைவர் அனுப்பட்டுங்களான்னு கேட்டாங்க, வேண்டாம்னுட்டேன். எல்லாம் சுளுவாப் போச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். கிளட்ச் பஞ்சாட்டம் இருக்குது, எங்காலு பழைய வண்டிப் பழக்கத்துல அமுக்கி, ஹோப் காலேஜ் சிக்னல்ல வண்டி ஆப் ஆயிருச்சு. பின்னாடி பஸ்ஸுக்காரன் ஆரன் அடிச்சான் அடிச்சான், அப்படி அடிச்சான். அவன் அடிக்கட்டும்னு சாவியைத் திருப்பி மறுபடி எடுத்தேன். சின்னியம்பாளையம் வாரதுக்குள்ள கை படிஞ்சுருச்சு. வெள்ளிக்கெழமை வெங்கடம்மாளை ஏத்திட்டுப் போனேன், ஏசியைப் போட்டதும் குளுருது குளுருதுன்னு சேலையை இழுத்து மூடிக்கிட்டு வாரா, நிறுத்தட்டுமான்னா வேண்டாம்கறா.

இப்ப நான் சொல்றதை நல்லாக் கேட்டுக்கோ. உனக்கு என்னைப் பத்திப் பயம்னு எனக்குத் தெரியும். நேரங்கெட்ட நேரத்துல இங்க இருந்து போன் வந்தா உனக்கு உசுரு போயிட்டு வருதுன்னு அக்ஷயா எங்கிட்ட சொன்னா. அதைக் கேட்டதுக்கப்பறம் எனக்குக் கோவம் பாதி கொறைஞ்சுருச்சு, மீதிப் பாதி அப்படியேதான் இருக்குது. உனக்காகன்னே கண் டாக்டர்கிட்டப் போயி முழுசாப் பரிசோதிச்சுக்கிட்டேன், ஓட்டலாம்னுட்டாங்க. பொழுது உழுந்தா ஓட்டறதை முன்னமே நிறுத்திட்டேன். எங்கண்ணு மங்குனா, எங்காலு சொன்ன பேச்சு கேக்காட்டி, எனக்குத்தான் முதல்ல தெரியும். எத்தனை பேரு ஒடம்பைப் பாத்தவ, என்ர ஒடம்பு எனக்குத் தெரியாதா. அன்னிக்கு நானே சாவியை எடுத்து வெச்சுட்டு உனக்குப் போன் பண்ணிச் சொல்லுவேன். அந்த நாளை நான் குறிப்பேன், நீ குறிக்கக் கூடாது, சுரேந்தரும் குறிக்கக் கூடாது.

நீ எட்மண்டன் போன மொத வருசம் நெனச்சுப் பாரு. ரோடு பூரா ஐஸுன்னு வீடியோ அனுப்பினே, அதுலயே போயி ஒரு காரு வாங்கி, மறுநாளே சறுக்கி ஒரு கம்பத்துல இடிச்சுட்டேன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னே. எனக்கு இங்க ஒரு வாய் சோறு எறங்கலை. ஆனா உனக்குக் காரு குடுத்த கடைக்காரனுக்கு நான் போன் பண்ணி, எம்மகனுக்கு வண்டி குடுக்காதீங்கன்னு சொன்னேனா? பாத்து ஓட்டு சாமின்னு மட்டும்தான் சொன்னேன். அந்த ஒரு வார்த்தையை நீயும் எனக்குச் சொல்லு, போதும். அதுக்கு மேல எனக்கு உங்கிட்ட இருந்து ஒண்ணும் வேண்டாம்.

இப்பப் படிச்சுட்டு உனக்குக் கோவம் வரும். வரட்டும். ஒரு நாள் கோவமா இரு, ரெண்டாம் நாள் போன் பண்ணு. பண்ணாட்டி நான் பண்ணுவேன், எடுக்காட்டி அக்ஷயாவுக்குப் பண்ணுவேன். சம்பந்தியம்மா கையில நல்லெண்ணெய் முறுக்கும் பருப்புப் பொடியும் குடுத்து உட்டிருக்கேன், பொடியைக் காத்துப் போகாம மூடி வெய்யி. குளுரு காலம் வருது, டயரு மாத்தறதைத் தள்ளிப் போடாதே, போனைப் பாத்துக்கிட்டு ஓட்டாதே. உங்க ரெண்டு பேருத்தையும் ஆண்டவர் கையில ஒப்படைச்சிருக்கேன், ஒரு குறையும் வராது, நீங்க நெனச்சதெல்லாம் நடக்கும், சண்டை போட்டாலும் ஒரே தட்டுல சாப்பிட்டுச் சமாதானம் ஆயிக்கோங்க.

ஒண்ணு மட்டும் மறந்துராதே. கிறிஸ்துமஸுக்கு வாரப்ப ஏர்போர்ட்டுல இருந்து டாக்சி சொல்லிக்காதே, நான்தான் வருவேன். பெட்டியைப் பின்னாடி வெச்சுட்டு நீயும் அக்ஷயாவும் பின் சீட்டுல உக்காந்துக்கோங்க. முன்னாடி சீட்டு அப்பாவோடது.

உன்ர மேல உசுரா இருக்கற அம்மா,
பி. செவ்வந்தி

பக்கத்துலயே உக்காந்து கேட்டுட்டு இருந்த அப்பா, நானும் இதுல ஒரு வரி எழுதறேன்னு பேனாவைக் கேக்கறாரு.

மனோஜ், அம்மா எழுதினது அத்தனையும் சரி. பிரான்சிஸ்.