மாப்பிள்ளை இப்போது மெதுவாக நடக்கிறான்

எனக்கு முன்னால் எதிலும் இறங்கிவிடும் ருக்மணிக்கு,

குதிரை விஷயம் ஒரு முடிவுக்கு வரட்டும், பிறகு உனக்கு எழுதலாம் என்று ஏழு மாதம் தள்ளிப்போட்டுவிட்டேன். நேற்று மதியம் முடிவு தெரிந்தது. அதை முதல் வரியிலேயே சொல்லச் சொல்லி நீ அவசரப்படுவாய். முடியாது. முப்பது வருடம் பாலங்களைச் சோதித்துச் சம்பளம் வாங்கியவன் நான். தூண்களைப் பார்க்காமல் மேல்தளத்தில் கால் வைக்க மாட்டேன்.

இன்னொன்று. தமிழ்ச் சங்க மலருக்கு இதைக் கேட்டிருக்கிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த சிலவற்றையும் மற்றவர்களுக்காகச் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்.

மருத்துவமனை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே நீ குதிரையேற்றம் கற்கப் போனாய். நான் காரிலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்தேன். நாலு வருடம் கழித்து, இனிப் பந்தயத்துக்கு உதவாது என்று ஒதுக்கிய ஆறு வயதுக் குதிரை ஒன்றை வாங்கி, ஃப்ளெமிங்டன் பக்கம் குதிரை லாயம் நடத்தும் டோனாவிடம் விட்டாய். நம் மகள் கவிதா சான்டா கிளாராவில் வேலையே போதும், கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த சமயம் அது. "அவ கொண்டு வராட்டிப் போகுதுங்க, எனக்கு மாப்பிள்ளை வந்தாச்சு" என்று குதிரைக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டாய்.

பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் ஒரு அம்மாள் உன் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளை வந்தாச்சாமே டாக்டர், சொல்லவே இல்லையே! நல்லா இருக்காரா?" நீ முகம் மாறாமல், "நல்லா இருக்காருங்க. நேத்து ஒரு வாளி கேரட் சாப்பிட்டாரு" என்றாய். நான்தான் தூண் மறைவுக்குப் போய் நின்றேன்.

இரண்டு மாதம் அவனைப் பழக்கினாய். செப்டம்பரில் ஒரு காலை உன் மூளையில் ரத்தம் கசிந்தது. மூன்றாம் நாள் போய்விட்டாய்.

பத்து நாள் கழித்து டோனா கூப்பிட்டாள். நிலத்தை வீடு கட்டுபவர்களுக்குக் கொடுத்தாயிற்று, ஏப்ரலோடு லாயத்தை மூடுகிறாள். மற்றக் குதிரைகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஏறி உட்கார முடியாத பந்தயக் குதிரையை மட்டும் எந்த லாயமும் ஏற்கவில்லை. ஏப்ரலுக்குள் சவாரிக்குப் பழகாவிட்டால் ஏலம்தான். ஏலத்துக்குப் போகும் குதிரைகளில் பல எங்கே போய்ச் சேருகின்றன என்பதையும் சொன்னாள். அதை நான் இங்கே எழுத மாட்டேன்.

"நானே பழக்கலாம்னு இருக்கேன்" என்று கவிதாவிடம் போனில் சொன்னேன்.

"அப்பா, ஆர் யூ சீரியஸ்? பக்கத்து வீட்டு நாய் குரைச்சாலே ரோடு கிராஸ் பண்ணுவீங்க!"

"அது கடிக்கிற ஜாதிம்மா."

"ஹார்ஸும் கடிக்கும்பா!"

அவள் சொன்னது சரி. எனக்கே என் மேல் நம்பிக்கை இல்லை. ஆனால் நீ பாதியில் விட்டுப் போன ஒன்றை ஏலக்காரனிடம் எப்படிக் கொடுப்பது? மறுநாளே போனேன். அதற்குப் பிறகு, பனி கொட்டிய நாலு நாள் தவிர, ஒரு நாளும் தவறவில்லை.

ஏறிப் பழக்குவது டோனா, கீழே நின்று நடத்திப் பழக்குவது நான் என்று பிரித்துக்கொண்டோம். அவனுக்குப் பந்தயத்தில் கற்றுக்கொடுத்ததெல்லாம் நமக்குத் தலைகீழ். குதிரை நடந்துகொண்டிருக்கும்போதே ஜாக்கியைத் தூக்கி மேலே ஏற்றிவிடுவார்களாம். அதனால் ஆள் ஏறும்வரை நிற்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. கடிவாளத்தை இழுத்தால் நிற்க மாட்டான். இழுப்பது அவனுக்கு இன்னும் வேகமாக ஓடு என்ற கட்டளை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மூன்று படி வைத்த மரப்பெட்டிக்குப் பக்கத்தில் அவனை நிறுத்தி, நான் படியில் ஏறி ஏறி இறங்கினேன். ஒரு நாளைக்கு நாற்பது முறை. என் முழங்காலைப் பற்றிக் கேட்காதே. முதல் வாரம் மூன்று விநாடி நின்றான். டிசம்பரில் ஒரு நிமிடம்.

பிறகு வட்டமாக நடத்தத் தொடங்கினேன். குதிரையின் இடப்பக்கம் நின்றுதான் கயிற்றைப் பிடிக்க வேண்டும். ஆகவே அவன் எப்போதும் என் வலக்கைப் பக்கம். என் கால்கள் தாமாகவே சன்னதியைச் சுற்றுவதுபோல வலமாகச் சுற்றின. டோனாவும் முதலில் பாராட்டினாள். இந்த நாட்டில் பந்தயமெல்லாம் இடப்பக்கமாகவே ஓடுவதால் அவனுக்கு வலப்பக்கம் திரும்ப வராதாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வலமாகவே நடந்தேன்.

ஜனவரிக் கடைசியில் அவனுடைய வலது தோள் இறுகிவிட்டது. தொட்டால் தோல் சிலிர்த்தது. டோனா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் பேசிய ஆங்கிலத்தை நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"முத்து, எத்தனை நாளா இந்த ஒரே பக்கம் சுத்தறீங்க?"

"ஆறு வாரம்."

"தும்மினாக்கூட நோட்டுல எழுதற மனுஷன், இதை எழுதலையா?"

எழுதியிருந்தேன். ஒவ்வொரு நாளும் 'வலம்' என்று எழுதியிருந்தேன். அதில் தவறு இருப்பதாக என் கண்ணில் படவே இல்லை. அவனுக்கு வலி உண்டாக்கியது நான் என்பது அன்று முழுவதும் என்னை அறுத்தது.

"சரி, ஆறட்டும். அதுக்கப்புறம் இடப்பக்கமும் போங்க" என்றாள். நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தேன். "என்ன, பயமா?"

எங்கள் வழக்கத்தில் இடமாகச் சுற்றுவது இறந்தவர்களை, நான் கடைசியாகச் சுற்றியது என் மனைவியை என்று சொன்னேன். உன் இறுதிச் சடங்கு மண்டபத்தில் உன்னைச் சுற்றிவந்த மூன்று சுற்றும் அப்படியே என் காலில் இருந்தன, ருக்மணி. அதுவரை யாருக்கும் அதைச் சொன்னதில்லை. கவிதாவுக்குக்கூட.

டோனா இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். "அந்தப் பக்கம் நான் நடத்தட்டுமா?" என்றாள். பிறகு, "ஆனா ஒண்ணு. அவனுக்கும் அந்தப் பக்கம் லேசில்லை. இடப்பக்கம் திரும்பினா அவனுக்கு ரேஸ்தான் ஞாபகம் வரும்" என்றாள்.

நானே நடத்துகிறேன் என்றேன்.

தோள் ஆறியதும் முதல் முறை இடமாகத் திருப்பினேன். அவன் காது விறைத்தது, கழுத்து உயர்ந்தது, கயிறு என் கையுறைக்குள் உருவிக்கொண்டு ஓடப் பார்த்தது. பாதிச் சுற்றில் இருவரும் நின்றுவிட்டோம். நடுங்கியது யார் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம் தூரம். "மெதுவா, மாப்பிள்ளை. யாரும் ஓடச் சொல்லல" என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். அதை யாருக்குச் சொன்னேன்?

மார்ச் நடுவில் வலமாகப் பத்து, இடமாகப் பத்து என்று நடந்தோம். அந்தச் சுற்றுகள் எதிலும் நான் உன்னை மறக்கவில்லை. கால்கள் மட்டும் நடக்கக் கற்றுக்கொண்டன.

நேற்று ஒரு குதிரையேற்றப் பள்ளியை நடத்தும் அம்மாள் அவனைப் பார்க்க வந்தார். வயதான பிறகு கற்க வருபவர்களுக்கான பள்ளி அது. டோனா ஏறிக் காட்டினாள். நின்றான், நடந்தான், திரும்பினான். அந்த அம்மாள் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"நீங்க வாழ்க்கை முழுக்க ஏறினவங்க. எங்ககிட்ட வர்றவங்களுக்குக் கை நடுங்கும். அப்படி ஒருத்தர் ஏறினா இவன் என்ன செய்வான்?"

டோனா என்னைப் பார்த்தாள்.

"நான் குதிரை மேல் ஏறினதே இல்லை" என்றேன்.

"அப்ப நீங்கதான் சரி" என்றார் அந்த அம்மாள்.

மாட்டேன் என்று சொல்ல எல்லா நியாயமும் என்னிடம் இருந்தது. வயது, முழங்கால், கவிதா. சொல்லியிருந்தால் அவர் காரில் ஏறிப் போயிருப்பார். உன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். மூன்று படி ஏறினேன். காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்றோ, அவ்வளவு நேரமும் அவன் அசையாமல் நின்றான்.

மேலேயிருந்து தரை அவ்வளவு தூரம் என்று நீ ஏன் என்னிடம் சொல்லவே இல்லை?

வலமாக ஒரு சுற்று நடந்தது. இடப்பக்கம் திரும்பியதும் எனக்குப் பயம் வந்தது. பயம் வந்ததும் லகானை நெஞ்சுவரை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அவன் தலை எழும்பியது. நடை வேகமாயிற்று. எனக்கு அடியில் ஒரு பெரிய இயந்திரம் விழிப்பது போலிருந்தது.

"இழுக்காதீங்க முத்து! விடுங்க! விடுங்க!" என்று டோனா கத்தினாள்.

இழுத்தால் ஓடுவான் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவைத்தவன் நான். எழுதியது விரலுக்குத் தெரிய வேண்டாமா? பிடித்துக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கும்போது அதை எப்படி விடுவது? கண்ணை மூடவில்லை, அதை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். விரல்களைத் திறந்தேன். லகான் தொய்ந்து அவன் கழுத்தில் விழுந்தது. நாலு எட்டு வைத்தான். மூச்சைச் சீறி விட்டான். தலையைத் தாழ்த்தி நடந்தான். பிறகு நின்றே விட்டான்.

"யார் பழக்கினது?" என்று அந்த அம்மாள் கேட்டார். டோனா என்னைக் காட்டினாள். நான் திருத்தினேன்: முதல் இரண்டு மாதம் என் மனைவி, ஏறிப் பழக்கியது டோனா, நான் கூட நடந்தவன்.

"திங்கட்கிழமை வண்டி அனுப்பறேன்" என்றார். "பேரை மட்டும் மாத்திக்கலாமா? எங்க ஆளுங்க வாயில நுழையாது."

"கூடாது" என்றேன். என் வாழ்நாளில் யாரிடமும் அவ்வளவு சட்டென்று சொன்னதில்லை. டோனா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அர்த்தம் கேட்டார், சொன்னேன். சிரித்துவிட்டு, "அப்ப அடிக்கடி பார்க்க வருவீங்க" என்றார். பார்க்க அல்ல, படிக்க வருகிறேன் என்று சொல்லி அங்கேயே படிவத்தை வாங்கி நிரப்பினேன். முன் அனுபவம் என்ற இடத்தில் 'ஒன்றரைச் சுற்று' என்று எழுதினேன்.

மாலையில் கவிதாவுக்குச் சொன்னேன். திட்டுவாள் என்று ரிசீவரைக் கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தேன். அவள் திட்டவில்லை.

"அம்மா ஹெல்மெட் உங்களுக்கு ஃபிட் ஆச்சா?"

"கொஞ்சம் டைட்டா இருந்தது."

"புதுசு வாங்குங்கப்பா. ப்ளீஸ். ஜூன்ல நான் வர்றேன். நீங்க ஏறறதை நான் பார்க்கணும்."

வாக்குக் கொடுப்பதில் நான் எவ்வளவு தயங்குபவன் என்று உனக்குத் தெரியும். இப்போது நானாகவே ஒன்று தருகிறேன். நடைக்கு அடுத்தது துள்ளுநடை. கோடை முடிவதற்குள் மாப்பிள்ளையின் மேல் உட்கார்ந்து, அந்த மைதானத்தில் இரண்டு பக்கமும் ஒரு முழுச் சுற்றுத் துள்ளுநடை போவேன். விழுந்தால் எழுந்து, மறுபடி ஏறிப் போவேன். நாலுகால் பாய்ச்சலுக்கு மட்டும் இப்போதே வாக்குக் கேட்காதே.

உன் வீட்டுக்காரன்,
நாச்சிமுத்து