ஷரோலே பசு கன்று ஈன்ற மதியம்

இன்று காலை நம் ஆம்பூர் தோல் தொழிற்சாலையில், பிரான்ஸிலிருந்து வந்த கன்டெய்னரைத் திறந்தோம். ஈரத்தோலின் நெடி முகத்தில் அடித்ததும், பக்கத்தில் நீ நிற்பதாகவே நினைத்துத் திரும்பிவிட்டேன். நீ கண்மூடிய பிறகு ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. இருந்தும் கூட்டாளியைத் தேடும் பழக்கம் என் கழுத்தை விட்டுப் போகவில்லை.

இத்தனை வருடம் நாம் இருவரும் தொட்டது அந்தத் தோலைத்தான். முடி நீங்கி, குரோம் உப்பில் பதப்பட்டு நீலம் பாரித்து வரும் தோலில் மாட்டின் நிறம் தெரியாது. முள்கம்பி கீறிய தழும்பு தெரியும், உண்ணி கடித்த புள்ளி தெரியும். உயிரோடு அது எப்படி இருந்திருக்கும் என்று நாம் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு குளிர்காலத்தில், பாரிஸ் தோல் கண்காட்சி முடிந்ததும், நமக்குத் தோல் அனுப்பும் வியாபாரி தன் ஊர்ப்பக்கம் காரில் அழைத்துப் போனார். உயிர்வேலி சூழ்ந்த ஒரு பண்ணையில் அவை நின்றன. ஷரோலே மாடுகள். வெண்ணெய் நிறம், ரோஜா நிற மூக்கு. நம் நெமிலிப் பக்கத்து உழவு மாடுகள் இரண்டைச் சேர்த்துச் செய்தாற்போல ஒவ்வொன்றும். நீ கார்க் கதவைச் சாத்தவும் மறந்து நின்றாய்.

"இன்னாடா இது, இவ்ளோ வெள்ளையா? நம்ம கைக்கு வர்றப்ப நீலமா இல்ல வருது!"

அப்போதுதான் பண்ணைக்காரப் பெண்மணி கொட்டகையிலிருந்து ஓடி வந்தார். அவர் பதறிப் பேசியதை வியாபாரி நமக்கு ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு பசு காலையிலிருந்து கன்று போட முடியாமல் தவிக்கிறது, கன்று மிகப் பெரியது, கணவர் ஊரில் இல்லை, மாட்டு டாக்டர் வந்து சேர நேரமாகும். சொல்லி முடிப்பதற்குள் நீ நம் ஊர்ப்பக்கத்து லாங் பஜாரில் வாங்கிய புதுக் கோட்டைக் கழற்றி வேலிமேல் போட்டுவிட்டாய்.

வைக்கோல்மேல் பசு சரிந்து கிடந்தது. வெளியே தெரிந்த இரண்டு சிறு குளம்புகளுக்கு மேலே அந்த அம்மா கயிறு கட்டி, மறுமுனையை நம்மிடம் கொடுத்தார். அவர் கை உயர்ந்தால் இழுக்க வேண்டும், தாழ்ந்தால் நிறுத்த வேண்டும். நான் பதற்றத்தில் இழுத்துக்கொண்டே இருந்தேன்.

"டேய், அது முக்கறப்ப மட்டும் இழு. நம்ம அவசரத்துக்கு இழுக்காத."

கன்று வழுக்கி வந்து விழுந்தது. நாம் இருவரும் மல்லாந்து விழுந்தோம். எழுந்து பார்த்தால் அதனிடம் அசைவே இல்லை. அந்த அம்மா அதன் வாயைத் துடைத்தார், மூக்கில் வைக்கோலை விட்டுக் கிளறினார், தலையில் குளிர்ந்த நீரைக் கொட்டினார். ஒன்றும் ஆகவில்லை. வியாபாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீ மட்டும் மண்டியிட்டு, இரண்டு கைகளிலும் வைக்கோலை அள்ளி அதன் விலாவைத் தேய்த்தாய்.

"வா கண்ணு, வந்துடு... யா அல்லாஹ், வந்துடு."

ஒரு தும்மல். அவ்வளவுதான். அந்தப் பெரிய வெள்ளைத் தாய் தலையைத் திருப்பி, அடித்தொண்டையில் ஒரு குரல் கொடுத்தது. கொட்டகை முழுவதும் அந்தக் குரல் அதிர்ந்தது. நீ என் கையை இழுத்து ஈரமான அந்த விலாவில் வைத்தாய்.

"இங்க வை. அடிக்குது பாரு."

பிறகு யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் அழுதாய். "இத்தினி வருஷமா தோலைத்தான்டா தொட்டோம். இன்னிக்குத்தான் மாட்டைத் தொடறோம்."

திரும்பும் வழியில், "தொழிலை வுட்டுடப் போறியா?" என்று கேட்டேன்.

"வுட்டுட்டு? சோறு போட்டதே அதுதானேடா. ஆனா இனிமே ஒரு துண்டு கூட வீணாக்க மாட்டேன்."

சொன்னபடியே நடந்தாய். வெட்டி எறியும் ஓரத்தோல் எல்லாம் வாட்ச் பட்டையானது, சாவிப் பையானது. "பாய்க்கு இன்னா ஆச்சு?" என்று தோல் வெட்டுகிற ஆட்கள் முணுமுணுத்தார்கள். நீ யாருக்கும் காரணம் சொன்னதில்லை.

இப்போது உன் நாற்காலியில் உன் மகள் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த மாதம் அவள்தான் பிரான்ஸ் போகிறாள். எந்தக் குடோனை முதலில் பார்ப்பது என்று கேட்டாள். முதலில் மாட்டைப் பார் என்றேன்.

"தோல் வாங்கத்தானே போறேன் அங்கிள்? மாட்டைப் பாத்து இன்னா பண்றது?"

எப்படிச் சொல்வது? அந்த ஈர விலாவுக்குள் அடித்துக்கொண்டது இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. அதை எடுத்து அவள் கையில் வைக்கவா முடியும்?

"பக்கத்துல போய் கைய வெச்சுப் பாரும்மா" என்று மட்டும் சொன்னேன்.