உமிச்சுவர்க் கொட்டகையும் நீ தொடாத கித்தாரும்

போன வாரம் ஆர்.எஸ்.மங்கலத்தில் என் அக்கா பேத்திக்குக் கல்யாணம். பஸ்ஸை விட்டு இறங்கி மண்டபத்துக்கு நடக்கிற வழியில் ஒரு ரைஸ் மில். முந்தின நாள் மழையில் வெளியே குவித்திருந்த உமி நனைந்து, வெயில் பட்டுப் புளித்த வாடை கிளம்பிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். தாலி கட்டுகிற நேரத்துக்குத் தலையைக் காட்டிவிட்டு, பந்தியில்கூட உட்காராமல் அடுத்த பஸ்ஸில் பாம்பனுக்குத் திரும்பிவிட்டேன். வந்தும் இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறேன். "என்னத்தத் தேடுறீங்க மாமா?" என்று மருமகள் கேட்டாள். எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். இடையிடையே "மெதுவா மாமா" என்கிறாள். மெதுவாகச் சொல்ல முடியவில்லை.

நனைந்த உமி என்றால் உனக்கும் நம் கொட்டகைதான் நினைவுக்கு வரும். பழைய ஐஸ் கம்பெனி. ஐஸ் உருகாமல் இருக்க இரட்டைச் சுவர் எழுப்பி, நடுவில் உமி அடைத்துக் கட்டியது. பிழைப்புத் தேடிக் கடற்கரைக்கு வந்த எனக்கு அங்கேதான் ஐஸ் உடைக்கிற வேலை. புது கம்பெனி வந்ததும் இங்கிருந்த மெஷினைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், கரண்டையும் வெட்டிவிட்டார்கள். வெறும் கொட்டகைக்குள் நின்று ஒரு நாள் நீ இருமினாய். அப்படியே நின்றாய். பிறகு இருமல் வராமலே இன்னொரு தடவை இருமிப் பார்த்தாய்.

"ஏலே, இந்தச் செவரு சத்தத்த வெளிய விடல பாத்தியா. உள்ளயே சுத்துது. இங்கன கித்தார் வாசிச்சா எப்படி இருக்கும்?"

நீ போட்டு மெக்கானிக். விசைப்படகு இன்ஜினைக் காதை வைத்தே கண்டுபிடிப்பாய். உன் கித்தார் தலைமன்னார் கப்பலில் வந்து இறங்கிய ஒருவரிடம் வாங்கியது. பழைய டெலிபோன் காந்தத்தை அதன் வயிற்றில் கட்டி, கம்பியை மைக்செட்டில் கொடுத்துக் கரண்டு கித்தார் ஆக்கினாய். மாதா கோயில் பேண்டு செட்டில் கழித்துப்போட்ட டிரம்மை என் முன்னால் வைத்தாய். நான் அடித்த முதல் அடியில் நீ கையை உயர்த்தினாய். "அது ஐஸ் இல்லலே. ஒடைச்சுப் பெட்டியில அள்ளிப் போட்டுறாத." பாட்டுக்கு மரியதாஸ், வலை கட்டுகிறவன். சிலோன் ரேடியோவில் கேட்ட துள்ளல் பாட்டுகளைக் காதில் விழுந்தபடி பாடுவான். அது என்ன பாசை என்று கேட்டால், "பாடுறவனுக்கு எதுக்குத் தெரியணும், ஆடுறவன்ட்ட கேளு" என்பான்.

ஞாயிற்றுக்கிழமை விசைப்படகு கடலுக்குப் போகாது. பூசை முடிந்து, சாப்பிட்டு, வெயில் சாயத் தொடங்கும்போது ஆட்கள் வந்துவிடுவார்கள். கொட்டகையில் கரண்டு இல்லாததால் படகுக்காரர்கள் தங்கள் பேட்டரியைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். எந்தப் போட்டுப் பேட்டரியில் அன்றைக்குப் பாட்டு ஓடுகிறதோ, அந்தப் போட்டு ஆட்களுக்கு முன்வரிசை. அதற்காகவே போட்டி. ஆட்டம் முடிந்ததும் பேட்டரி சார்ஜ் கடைக்குப் போய், விடிவதற்குள் படகு ஏறிவிட வேண்டும். அது நீயே போட்ட சட்டம்.

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடுவார்கள். பெண்கள் காற்று வருகிற வாசலோரம். வெக்கையில் சுவர் வியர்க்கும், உமி வாடை கிளம்பும். நடுவில் மரியதாஸ் ஒதுங்கிக்கொள்வான், நான் லேசாகத் தட்டிக்கொண்டிருப்பேன், நீ தனியாக வாசிப்பாய். கண்ணை மூடமாட்டாய், தலையை ஆட்டமாட்டாய். கார்புரேட்டரைக் கழற்றுகிற முகம். ஆனால் அந்தச் சத்தம் கேட்டு முன்வரிசையில் நின்ற முரட்டு ஆட்களெல்லாம் வாயைத் திறந்தபடி நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த ஞாயிறு பேட்டரி உன் மச்சினன் சேவியர் டிரைவராகப் போகிற போட்டுடையது. கூட்டம் விடவில்லை. இன்னொன்று, இன்னொன்று என்று பேட்டரி செத்து, சத்தம் கம்மி அடங்கும்வரை வாசித்தாய். சார்ஜ் கடையைச் சாத்திவிட்டார்கள். அந்தப் போட்டின் டைனமோவும் கோளாறு, அடுத்த வாரம் பார்ப்பதாக இருந்தாய். "டீசல் இன்ஜினுக்கு ஒருக்கா ஸ்டார்ட் எடுக்கத்தான் பேட்டரி. பக்கத்துப் போட்டுல ஒயரைக் குடுத்து எடுத்து விட்டுருவோம். அப்புறம் அது பாட்டுக்கு ஓடும்" என்றாய். இன்ஜினைத் தெரிந்தவன் சொன்னால் யார் மறுப்பது? விடியலில் எடுத்தும் விட்டாய். ஓடிக்கொண்டு போனது.

கடலில் வலை, படகுக்கு அடியில் சுழல்கிற காற்றாடியில் சுற்றிக்கொண்டது. அதை அறுக்க இன்ஜினை நிறுத்தினார்கள். நிறுத்தியதை மறுபடி எடுக்க முடியவில்லை. விளக்குக்கும் பேட்டரிதான். மற்றப் படகுகளெல்லாம் கரை பிடித்தன, சேவியர் வரவில்லை. காற்று ஏறியது. உன் வீட்டுக்காரி தெருவில் நின்று உன்னிடம் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது: "ஒங்க பாட்டுக்கு எந்தம்பிதான் கெடச்சானா?"

நீ நேரே போய் மாதா கோயில் கொடிமரத்தைப் பிடித்துக்கொண்டு நேர்ந்துகொண்டாய். சேவியர் கரை வந்தால் இனிக் கித்தாரைத் தொடுவதில்லை. நான் பக்கத்தில் நின்றேன். வேறு எதையாவது நேர்ந்துகொள்ளக் கூடாதா என்று தோன்றியது.

மறுநாள் மத்தியானம் ஒரு வள்ளத்துக்காரர் அந்தப் போட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். சேவியர் தண்ணீர் குடித்துவிட்டு முதலில் சொன்னது, "பேட்டரிய மட்டும் கடல்ல தூக்கிப் போட்டுட்டேன் மச்சான், கோவிச்சுக்காதீங்க." கரையே சிரித்தது. நீ சிரிக்கவில்லை.

கொட்டகையை மூடிவிடுவோம் என்றுதான் நினைத்தோம். நீதான் விடவில்லை. பேட்டரியை நீயே சோதித்துத் தருவாய், ஒயர் இழுப்பாய், வாசலோரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாய். ராமநாதபுரத்திலிருந்து வேறு கித்தார்க்காரனைக் கூப்பிடலாம் என்று மரியதாஸ் சொன்னபோது படகுக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்ப அந்த எடத்துல நான் என்ன வாசிக்கிறது?" என்று கேட்டேன். "எப்பவும் போலத் தட்டு" என்றார்கள். தட்டினேன். நீ வாசிக்க வேண்டிய இடம் வந்தது. மரியதாஸ் ஒதுங்கினான். முதலில் ஒருத்தன் வாயாலேயே அந்தச் சுரத்தை இழுத்தான். பிறகு முன்வரிசை. பிறகு பெண்கள். கொட்டகை முழுக்க உன் கித்தாரை வாயாலேயே வாசித்தது, நீ தப்பாக வாசிக்கிற ஒரு இடத்தையும் சேர்த்து. நான் உன் பக்கம் பார்த்தேன். நீ வெளியே போய்விட்டிருந்தாய்.

மாதா கோயில் சாமியாரே இறங்கி வந்தார். நேர்ச்சையை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது, ஏழை எளியவர்களுக்கு ஏதாவது செய், நான் உத்தரவு தருகிறேன் என்றார். நீ சொன்னாய்: "நீங்க குடுத்துருவீங்க சாமி. நாளைக்கு அவன் போட்டு ஏறுறப்ப என் வயிறு உத்தரவு குடுக்காதே."

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நீ நேர்ந்தது அந்த ஒரு நாளுக்கு மட்டுமில்லை. சேவியர் ஒவ்வொரு தடவை போய்த் திரும்புவதையும் அந்தக் கித்தாரில் கட்டிவைத்திருந்தாய். சேவியருக்கும் அது விளங்கியிருக்கிறது. அவன் செய்த வேலை ஞாபகம் இருக்கிறதா? கடலை விட்டுவிட்டு போட்டு கட்டுகிற ஜெட்டிக்கு எதிரே டீக்கடை போட்டான். "இனிமே நான் தரையிலதான மச்சான். இப்ப எடுங்க கித்தார."

உனக்கு வந்த கோபம் இருக்கிறதே. "ஏலே கிறுக்கா, நான் விட்டதே நீ கடலுக்குப் போகணும்னுதானடா." அவன் விடவில்லை, நீயும் விடவில்லை. தினமும் போய் அவன் டீயை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை அவன் கண்முன்னாலேயே மண்ணில் ஊற்றுவாய். "இந்த டீயக் குடிச்சுச் சாகுறவன் பாவத்துக்கு நான் எதை நேந்துக்கிறது?" கடை அந்த வருசம் வாடைக் காற்றோடு படுத்துவிட்டது. டீ அப்படி. அவன் மறுபடி போட்டு ஏறினான். நீ நிம்மதியாக வாசலோரம் போய் நின்றுகொண்டாய்.

உன் நிம்மதியைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாரா வாரம் உன் வெற்றிடத்துக்குத் தாளம் போட்டவன் நான். எனக்குச் சாமியும் இல்லை, நேர்ச்சையும் இல்லை. உன்னிடம் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். கடல் உன் கித்தாரைக் கேட்கவில்லை, பேட்டரியைத்தான் கேட்டது என்று சொல்லியிருக்கிறேன். "ஐஸ் ஒடைச்சவனுக்கு அதெல்லாம் வெளங்காது" என்பாய்.

கொட்டகையை இடித்து லாட்ஜ் கட்டினார்கள். மரியதாஸ் மகளோடு திருப்பூருக்குப் போனான். சேவியருக்குக் கண் மங்கி, அவனே கடலை விட்டான். அந்த வாரமே நான் உன் வீட்டுப் பரணில் ஏறிக் கித்தாரை இறக்கி உன் முன்னால் வைத்தேன். கம்பியெல்லாம் துரு. "இப்பத் தொடு. இனி யாருக்குப் பயம்?" என்றேன். உன் வீட்டுக்காரியும் கதவோரம் வந்து நின்றாள். "தொடுங்களேன்" என்றாள், அன்றைக்குத் தெருவில் கேட்டவள்.

நீ அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் கை முழங்காலை விட்டு எழுந்தது. பாதியில் நின்றது. "அவன் மகன் போறானேலே" என்றாய்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாசலில் கிடந்த உன் செருப்பை உதைத்துவிட்டு வந்தேன். ரெண்டு வாரம் உன் தெருப் பக்கமே வரவில்லை. போன கச்சான் காற்றுக் காலத்தில் நீ போய்ச் சேர்ந்தாய். உன்னைத் தூக்கிப்போன அன்றைக்கு சேவியர் மகனும் தோள் கொடுத்தான். கல்லறையிலிருந்து திரும்பும்போது, "நாளைக்குத் தொழிலுக்குப் போகணும் பெரியப்பா" என்று என்னிடம் சொன்னான். சும்மாதான் சொன்னான். இப்போதெல்லாம் கடலில் காற்றுக்கு மட்டுமா, எல்லையில் சுடுகிறவனுக்கும் சேர்த்தல்லவா பயப்படவேண்டியிருக்கிறது. நான் பிடித்த அவன் கையைத் தெரு வரும்வரை விடவில்லை.

சொன்னால் நீ சிரிப்பாய். அன்றிலிருந்து அந்தப் பயல் போட்டு ஏறுகிற நாளில் நான் எதையும் தட்டுவதில்லை. ரேடியோவில் பாட்டு வந்தால், விரல் தானாகத் தொடைக்கு இறங்கும். பிடித்து மடக்கிக்கொள்கிறேன். எந்தக் கொடிமரத்தையும் நான் பிடிக்கவில்லை, யாரிடமும் நேர்ந்துகொள்ளவுமில்லை. இதை என் தலையில் கட்டிவிட்டுப் போக உனக்கு யார் உத்தரவு கொடுத்தது?

இன்றைக்கும் அவன் போயிருக்கிறான். போட்டுகள் திரும்புகிற நேரம் ஆகிவிட்டது. மருமகளே, இது போதும், மடித்து வை. நான் ஜெட்டி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.