மூன்று வண்டி, இரண்டு மேக்னெட்டோ

10 மே 1987, ஞாயிறு. தவுவா, ஃபிஜி.

இன்று நந்தாரிவத்து மலை வரை போய் வந்தோம். வீரசாமி பின்னால் உட்காரும் முறை. ஏறும்போதும் இறங்கும்போதும் என் காதுக்குள் வாய் ஓயவில்லை. "மாஸ்டர், கியரை மாத்து. மாஸ்டர், பிரேக்க அழுத்தாத. மாஸ்டர், இது மோட்டார் சைக்கிள், உன் கிளாஸ் பசங்க இல்ல, அதட்டுனா ஏறாது." இறங்கி நடந்து வா என்றேன். அதற்கும் சிரிப்புத்தான்.

எங்கள் மூவரிடமும் ஒரே மாதிரி பழைய பி.எஸ்.ஏ. மேக்னெட்டோ மட்டும் இரண்டுதான். அது இல்லாவிட்டால் பிளக்கில் பொறி வராது, வண்டி வெறும் இரும்பு. என்னுடையது ஒரு வெள்ளத்தில் முழுகிச் செத்தது. வீராவுடையதும் நாகையா மச்சானுடையதும் மிச்சம். அன்றைக்கே வீரா சொல்லிவிட்டான், "இனிமே ரெண்டும் மூணு பேருக்கும் பொது." அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்றைக் கழற்றி அடுத்த வண்டியில் மாட்டி டைமிங் வைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் ஓட்டுவார்கள், ஒருவன் பின்னால் உட்கார்ந்து குறை சொல்வான். கடைவீதியில் எங்களுக்குப் பெயரே "ஒண்ணரை வண்டிக்காரங்க". மூன்றை இரண்டால் வகுத்தார்களாம், நன்றாக இருக்கிறது கணக்கு!

மலைமேல் நல்ல குளிர். மச்சான் கொண்டுவந்த ரொட்டியும் கத்தரிக்காய்க் கூட்டும் தின்றோம். அவர் என் மனைவி கம்லாவுக்கு அண்ணன், கரும்புக்காரர், பேச்சு குறைவு, சாப்பாடு அதிகம். நம் இந்திய ஆட்கள் நிறைய இருக்கிற புது அரசாங்கம் வந்ததில் இந்த ஒரு மாதமாகக் கொஞ்சம் பேசுகிறார்.

14 மே, வியாழன்

ஆசிரியர் அறையில் ரேடியோ. சிப்பாய்கள் பார்லிமெண்டுக்குள் நுழைந்து மந்திரிகளைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினோம். ஒரு குட்டி என்னிடம் ஹிந்தியில் கேட்கிறது, நாளைக்கு ஸ்கூல் உண்டா என்று. என்ன சொல்ல?

17 மே, ஞாயிறு

வண்டி எடுக்கவில்லை. வீராவின் ஷெட்டில் உட்கார்ந்து யங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தோம். வத்துக்கூலா சுரங்கத்தில் அவனோடு வேலை செய்யும் ஃபிட்டர்கள் இரண்டு பேர் இப்போதே ஆஸ்திரேலியாவுக்கு மனுப் போடப் பேசுகிறார்களாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. எங்க தாத்தன் கப்பல்ல வந்து இந்த மண்ணுல முதுகு ஒடிஞ்சான், ஒரு துப்பாக்கியைப் பார்த்த உடனே பெட்டியைக் கட்டணுமா? ஓடறவன் ஓடட்டும், நான் போகமாட்டேன் என்று கத்தினேன்.

மச்சான், "என்னைக் கூப்புடறவன் யாரு மாப்ளே? கரும்பு வெட்டத் தெரியும்னு சொன்னா எவன் விசா குடுப்பான்?" என்றார். வீரா கொட்டாங்குச்சியை நீட்டி, "குடி மாஸ்டர், ஆறிப்போவுது" என்றான். யங்கோனா என்ன சூடாகவா இருக்கும்? அவன் பேச்சை மாற்றும் விதம் அது.

9 ஆகஸ்ட், ஞாயிறு

என் வகுப்பில் பெஞ்சுகள் காலியாகிக்கொண்டே வருகின்றன. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளின் அப்பன்கள்தான் முதலில் போகிறார்கள். ஆலைக்குக் கரும்பு போக ஆரம்பித்துவிட்டது, மச்சான் வரவில்லை. நானும் வீராவும் மட்டும் ராகிராகி வரை போனோம். ஆளுக்கொரு வண்டி. அவன் ஏனோ ரொம்ப மெதுவாக ஓட்டினான், ஒவ்வொரு வளைவிலும் கடலைப் பார்த்துக்கொண்டு.

25 செப்டம்பர், வெள்ளி

மறுபடியும் சிப்பாய்கள் ஆட்சியைப் பிடித்துவிட்டார்கள். இரண்டாவது முறை. கம்லா கதவுக்குக் கட்டை போட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள்.

21 நவம்பர், சனி

ஞாயிற்றுக்கிழமை வேலை கூடாது, விளையாட்டுக் கூடாது, பஸ் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கென்றே வைத்திருந்த வண்டிகள் எங்களுடையவை! வேறு வழியில்லாமல் சனிக்கிழமைக்கு மாற்றினோம்.

பாலத்தருகே சிப்பாய்கள் நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவன் எப்பெலி, ஃபிஜிப் பூர்வகுடிப் பையன். எங்கள் தமிழ்ச் சங்கப் பள்ளிக்கூடத்தில் என்னிடம் அ, ஆ எழுதிப் படித்தவன், எங்கள் வீட்டுப் பிள்ளைகளை விட நன்றாகவே எழுதுவான். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்தான். "மாஃப் கரோ மாஸ்டர், இன்னிக்கி திரும்பிப் போய்டுங்க" என்று மன்னிப்புக் கேட்டான், பாதி ஹிந்தி, பாதி தமிழ். திரும்பினோம். பின்னால் உட்கார்ந்திருந்த வீரா வீடு வரும் வரை ஒரு குறையும் சொல்லவில்லை. கியரை வேண்டுமென்றே தப்பாகப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் இல்லை.

16 ஜனவரி 1988, சனி

என் வண்டியில் ஒரு சத்தம், கழற்றிப் பார்க்கிறேன் என்று வீரா தள்ளிக்கொண்டு போய்விட்டான். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. உன் காது வாத்தியார் காது, அதுக்கு இதெல்லாம் கேக்காது என்கிறான்.

6 பிப்ரவரி, சனி

மூன்று வாரமாகிறது. எப்போது கேட்டாலும் "இன்னும் முடியலே". நேற்று அந்தப் பக்கம் போனபோது ஷெட்டை எட்டிப் பார்த்தேன். மூன்று வண்டியும் எலும்பாகக் கிடக்கிறது. மச்சானுடையதையும் வாங்கி வைத்திருக்கிறான்! பிஸ்டன் ஒரு பக்கம், கியர்பாக்ஸ் ஒரு பக்கம், நல்லதெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவி ஒரே சாக்கின்மேல் வரிசையாக. யாருடையதென்று யார் கேட்பது? என்னைப் பார்த்ததும் சாக்கை இழுத்து மூடினான். ஏன் மூட வேண்டும்?

12 பிப்ரவரி, வெள்ளி

கோவிலிலிருந்து கம்லா வந்தாள். முகமே சரியில்லை. வீராவின் மனைவி சரோஜ் பூ கட்டிக்கொண்டே வாய்தவறிச் சொல்லிவிட்டாளாம். கனடா விசா வந்துவிட்டது, அடுத்த மாதம் பயணம் என்று.

கனடா! ஒன்பது மாதமாக என்னெதிரே உட்கார்ந்து என் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தானே, பாவி, ஒரு வார்த்தை? ஒரே ஒரு வார்த்தை?

இப்போதுதான் புரிகிறது. நல்ல சாமானையெல்லாம் பொறுக்கி ஒரே வண்டியாகக் கட்டி மூட்டையோடு கொண்டுபோகப் போகிறான். அங்கே அதற்கு எவ்வளவு மதிப்பென்று சுரங்கத்து வெள்ளைக்காரர்கள் சொல்லியிருப்பார்கள். மேக்னெட்டோவும் அவனுடையதுதானே, யார் தடுக்க முடியும்.

13 பிப்ரவரி, சனி

போனேன். கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன். "எங்க வண்டியைப் பிரிச்சா நீ கனடாவுல சவாரி போகணும்? உன் கூட ஒரே கொட்டாங்குச்சியில குடிச்சதுக்கு இதுவாடா?" தெருவே வேடிக்கை பார்த்தது.

அவன் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "கத்தி முடிச்சிட்டியா மாஸ்டர்?" என்றான் கடைசியில். "வண்டி புதன்கெழம வரும்."

இல்லை என்று ஒரு சொல் சொல்லவில்லையே.

17 பிப்ரவரி, புதன்

மச்சான்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து விட்டார். கொட்டகையில் சாக்கைப் போட்டு மூடிவிட்டேன். பார்க்கவே பிடிக்கவில்லை.

12 மார்ச், சனி

இன்று வீரா போனான். கம்லாவும் மச்சானும் வழியனுப்பப் போனார்கள். எனக்குத் தலைவலி என்றேன். கம்லா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புடவை மாற்றப் போய்விட்டாள். திரும்பி வந்து சொன்னாள், ஏர்போர்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நமாகாவில் வீரா காரை நிறுத்தச் சொல்லி, பின்னால் யாராவது வருகிறார்களா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றானாம். நான் வருவேன் என்று நினைத்தானாம்.

நல்லா நிக்கட்டும்.

13 மார்ச், ஞாயிறு

தூங்கவில்லை.

2 ஏப்ரல், சனி

எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

இன்று காலை சும்மா சாக்கை எடுத்தேன். பெட்ரோல் மூடி துருப்பிடிக்குமே என்று. டாங்கியின் கீழே பார்த்தால் மேக்னெட்டோ உட்கார்ந்திருக்கிறது. வீராவுடையது. மேல்மூடியில் அவன் பித்தளை வைத்துப் பற்றவைத்த இடம் எனக்குத் தெரியாதா? ஒரு நிமிடம் நின்றேன். பிறகு கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவன் சுரங்க லேத்தில் தனக்கென்று கடைந்த கிளட்ச் தட்டுகள். அவனுடைய நல்ல பின்சக்கரம். சங்கிலி. மிதித்தேன். இரண்டாவது மிதியில் பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு சத்தம் இந்த வண்டியில் நான் கேட்டதே இல்லை.

அப்படியே மச்சான் வீட்டுக்கு ஓட்டினேன். அவர் கொட்டகையில் வீராவின் வண்டி நிற்கிறது. வண்டியா அது? சட்டமும் டாங்கியும். உள்ளே ஒன்றுமில்லை. பாதி என்னுடையதில், பாதி மச்சானுடையதில். ஒரு நட்டுக்கூட அவன் எடுத்துப் போகவில்லை.

"ஏன் மச்சான் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டான் மாப்ளே. 'மாஸ்டர் கோவமாவே இருக்கட்டும். தெரிஞ்சா என்னக் கட்டிப் புடிச்சிக்கிட்டு போகாதடான்னு அழுவாரு, அப்புறம் என்னால பிளேன் ஏற முடியாது'ன்னான்."

அட பாவி. அட பாவி வீரா. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டனா? நமாகாவுல நின்னியாமே, எவ்ளோ நேரம் நின்ன?

30 ஜூலை, சனி

இப்போது இரண்டு வண்டி, இரண்டு மேக்னெட்டோ, இரண்டு பேர். சனிக்கிழமை எதையும் கழற்ற வேண்டியதில்லை. நானும் மச்சானும் பா டவுன் வரை போய் வந்தோம். வண்டி அருமையாக ஓடுகிறது. பின்னால் ஆள் இல்லாததால் மேட்டில் இன்னும் நன்றாக ஏறுகிறது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. மச்சானிடம் சொன்னேன். அவர் கடலைத் தோலை ஊதிவிட்டு, "எனக்கு நீ இருக்க, உனக்கு நான் இருக்கேன், விடு" என்றார். அவர் இப்படிப் பேசிக் கேட்டதில்லை.

3 டிசம்பர், சனி

கோவில் திருவிழாவுக்குப் போன நேரத்தில் வீட்டை உடைத்திருக்கிறார்கள். பாத்திரம், ரேடியோ, மகள் ப்ரீதிகாவின் கல்யாணப் படம் வைத்திருந்த வெள்ளிச் சட்டம். படத்தைக் கிழித்துத் தரையில் போட்டுவிட்டு. போலீஸ் எழுதிக்கொண்டு போனது. கம்லா கிழிந்ததை ஒட்டிக்கொண்டே இருக்கிறாள், எத்தனை தடவை ஒட்டுவாள்.

22 ஜனவரி 1989, ஞாயிறு

ப்ரீதிகா சிட்னியிலிருந்து போன் செய்தாள். "அப்பா, ஆவோ நா" என்று அங்கே வரச்சொல்லி மறுபடியும் அதே பேச்சு. முடியாது என்றேன். போனை வைத்ததும் கம்லா சொன்னாள், சத்தம் போடாமல், "எனக்கு பயமா இருக்குங்க. ராத்திரி நாய் குரைச்சா எழுந்து உக்காந்துக்கறேன். உங்களுக்குத் தெரியாது, நீங்க குறட்டை விடுவீங்க."

இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் எதுவுமே கேட்டதில்லை.

11 பிப்ரவரி, சனி

ஆஸ்திரேலியா மனுவில் கையெழுத்துப் போட்டேன். கம்லாவுக்காகத்தான். இல்லை, யாருக்காக என்று சொல்லிக்கொண்டால் என்ன, போட்டது என் கை. மச்சானிடம் கம்லாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கிடைக்கிறதோ இல்லையோ, இப்போதே எதற்கு என்று பேசிக்கொண்டோம்.

15 ஜூலை, சனி

விசா கிடைத்துவிட்டது.

மலைக்குப் போனோம். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன். அவர் ரொட்டியில் பெரிய துண்டை என் பக்கம் தள்ளினார். விழுங்கத்தான் முடிந்தது.

இப்போது தெரிகிறது வீராவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று. ஊருக்கே உரைக்கிற வாய் எனக்கு, இதற்கு மட்டும் வரமாட்டேன் என்கிறது.

19 ஆகஸ்ட், சனி

மச்சான் வயலில் இருந்த நேரமாகப் பார்த்து அவர் கொட்டகைக்குப் போனேன். அவருடைய தேய்ந்த கிளட்சை எடுத்துவிட்டு வீரா கடைந்ததைப் போட்டேன். பின்சக்கரத்தை மாற்றினேன். என் வண்டி மேக்னெட்டோவைத் துணியில் சுற்றி, உபரியாக இருக்கட்டும் என்று பலகையில் வைத்தேன். முடிப்பதற்குள் வந்துவிட்டார், கையில் கரும்புக் கத்தியோடு.

"சும்மா, உங்க வண்டியில ஒரு சத்தம் கேட்டுது மச்சான்" என்றேன்.

அவர் வண்டியைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். பலகையில் இருந்ததைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி சுற்றி வைத்தார். கத்தியைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னெதிரே குந்தி உட்கார்ந்தார்.

"எந்த ஊரு மாப்ளே?"

"சிட்னி. ப்ரீதிகாகிட்ட."

"எப்போ?"

"அடுத்த மாசம்."

தலையை ஆட்டினார். என் கையிலிருந்த ஸ்பானரை வாங்கி, நான் பாதியில் விட்ட நட்டை அவரே முடுக்கினார். நல்ல டாக்டருங்க இருப்பாங்க அங்க, உன் முட்டிவலிக்குக் காட்டு என்றார். முடுக்கி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"என் தங்கச்சி கம்லாவுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவருக்கு என்ன பதில் வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். பொய் சொல்லியிருக்கலாம். "தெரியும்" என்றேன்.

அதுவரை அழாதவர் அப்போது அழுதார்.